தராசுக் கம்பெனியைப் பிடித்த பசை

அந்த அம்மாளுக்குப் பசை என்று பெயர் வைத்தவள் அவளுடைய நாத்தனார்.

கல்யாணமான புதிதில் ஒரு தையற்காரர், இவர்கள் வீட்டுத் திரைச்சீலைத் துணிகளை வாங்கி வைத்துக்கொண்டு "நாளைக்கு, நாளைக்கு" என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். மாமியார் போய்ச் சத்தம் போட்டுப் பார்த்தார். மாமனார் போய்க் கெஞ்சிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் புது மருமகள் ஒரு தடிமனான கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்த் தையல் கடையில் உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் தலையை நிமிர்த்தி, இனிமையாகச் சிரித்து, "ஆச்சாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். பொழுது சாய்வதற்குள் திரைச்சீலைகள் எல்லாம் தைத்தாகிவிட்டது. யாரும் கேட்காத தலையணை உறைகளையும் சேர்த்துத் தைத்து அவள் கையில் திணித்தார் தையற்காரர்.

"போயிட்டு வாங்கம்மா," என்றவர், சட்டென்று பதறிப்போய், "வர வேணாம்மா, போனா மட்டும் போதும்," என்று கும்பிட்டார்.

"இது அண்ணி இல்ல, பசை," என்றாள் நாத்தனார். அன்றிலிருந்து பெயரும் ஒட்டிக்கொண்டது.

அவள் வேலை பார்த்தது அரசாங்கத்தின் தொழில் துறையில். புதிதாக அங்கே வருகிறவர்கள், "பசை மேடம் எந்த சீட்டு?" என்று யாராவது கேட்பதைக் காதில் வாங்கிவிட்டு, ஏதோ வரும்படி கொழிக்கிற இடம் போலிருக்கிறது என்று கண்ணை உருட்டுவார்கள். உண்மையில் அவள் இருந்தது தபால் பிரிவில். அங்கே பசை என்றால் உறை ஒட்டுகிற பசைதான். ஆனால் பதில் வராத கடிதம் என்று உலகத்தில் ஒன்று இருக்க முடியும் என்பதை அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை. பதில் வரும்வரை போன் செய்தாள். போனை எடுக்காவிட்டால் நேரில் போனாள். மற்றத் துறைகளிலிருந்து புகார் மேல் புகாராக வந்தது.

அந்தச் சமயத்தில்தான் புதிய தொழில் கொள்கை வந்தது. நுட்பமான கருவிகளையெல்லாம் எத்தனை நாளைக்கு வெளியிலிருந்து வாங்குவது, நாமே செய்ய வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அதை நடத்திக்காட்ட ஒரு இயக்குநரைப் போட்டார்கள். ஒல்லியான மனிதர். பேனாவைக் காதில் செருகிக்கொண்டே மேஜை முழுக்கப் பேனாவைத் தேடுகிற ரகம். ஆனால் கொள்கை விஷயத்தில் மட்டும் தெளிவானவர்.

"இங்க பாருங்க," என்றார் கூட்டத்தில். "கம்பெனிக்குக் குறைஞ்ச வட்டியில கடன் குடுப்போம். இடம் குடுப்போம். நம்ம ஆராய்ச்சிக் கூடத்துலேர்ந்து படிச்ச ஆளை அனுப்புவோம். வெளிநாட்டுச் சரக்கு மேல வரி போட்டு, கொஞ்ச நாள் மூச்சு விட வழி பண்ணுவோம். செஞ்ச பொருளை முதல்ல நம்ம ஆஸ்பத்திரியே வாங்கும். ஆனா ஒண்ணு. மூணு வருஷத்துக்குள்ள வெளிநாட்டுக்காரன் ஒருத்தனாவது அந்தப் பொருளைக் கேட்டு வாங்கணும். வாங்கலையா, எல்லாத்தையும் நிறுத்திடுவோம்."

"சார், குடுக்கறதுக்கு ஆள் இருக்காங்க. போய் நெருக்கறதுக்கு யார் இருக்காங்க?" என்றார் ஒரு துணை இயக்குநர்.

எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நாளைக்கே மந்திரியின் மாமனாகவோ மச்சானாகவோ இருக்கப்போகிற முதலாளியிடம் போய், "என்னய்யா ஆச்சு?" என்று கேட்கிற வேலை. யாருக்கு வேண்டும்? அப்போது கதவைத் தட்டிக்கொண்டு பசை உள்ளே வந்தாள். போன வாரம் அனுப்பிய கடிதத்துக்கு இயக்குநர் இன்னும் பதில் போடவில்லை என்று கேட்க வந்திருந்தாள். கூட்டத்தில் இருந்த அத்தனை பேர் முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்தது.

அன்று மாலையே அவள் தொடர் கண்காணிப்பு அலுவலர் ஆகிவிட்டாள்.

அவள் கணவர் ஓவிய ஆசிரியர். சாது. விஷயத்தைக் கேட்டதும் தூரிகையைக் கீழே வைத்தார்.

"அப்போ தினமும் வெளியிலேயே இருப்பியா?"

"ஆமாங்க. ஏன், முகத்துல என்ன இவ்வளவு சந்தோஷம்?"

"நாட்டை நினைச்சேன்," என்றார் அவர்.

அந்தக் கொள்கையால் நாட்டிலேயே முதலில் பலனடைந்தவர் அவர்தான். குழாய் சொட்டுகிறது, பரண் தூசி தட்டவில்லை, அந்த மலைப் படத்தை எப்போது முடிக்கப்போகிறீர்கள் என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த குரல் இப்போது வேறு காதுகளைத் தேடிப் போய்விட்டது.

முதலில் போனது ஒரு நுண்ணோக்கிக் கம்பெனிக்கு. வாசலில் செயற்கை நீரூற்று, அதில் தங்க மீன்கள், வரவேற்பறையில் வழுக்கி விழுகிற அளவுக்குப் பளிங்கு. முதலாளி அவளைச் சோபாவில் உட்காரவைத்து, பளபளவென்று ஒரு நுண்ணோக்கியைக் கொண்டுவந்து காட்டினார். கம்பெனியின் பெயர் பொறித்த சீட்டு அதன் நெற்றியில் ஒட்டியிருந்தது. பசைக்கு ஒட்டின சீட்டைப் பார்த்தால் விரல் நுனி அரிக்கும். பேச்சுவாக்கில் நகத்தால் ஒரு ஓரத்தை நெம்பினாள். அடியில் இன்னொரு சீட்டு இருந்தது. அதில் வேறொரு நாட்டின் பெயர்.

"இது என்னங்க?"

"அது வந்து மேடம், சில பாகம் மட்டும் வெளியிலேர்ந்து வருது."

"எந்தெந்த பாகம்?"

முதலாளி நீரூற்றைப் பார்த்தார். மீன்களும் உதவிக்கு வரவில்லை. "எல்லாப் பாகமும்தான் மேடம்," என்றார் மெதுவாக.

"அப்போ இங்க என்னதான் செய்யறீங்க?"

"சீட்டு நாங்களே அடிக்கறோம்."

அவர் நிஜமாகவே ஒரு மந்திரியின் மச்சான். மறுநாள் இயக்குநருக்குப் போன் வந்தது. இயக்குநர் நின்றுகொண்டே பேசினார், காதிலிருந்த பேனா விழுந்தது. ஆனால் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே நுண்ணோக்கிக் கம்பெனிக்குக் கொடுத்த சலுகை அத்தனையையும் நிறுத்திவிட்டார். இவர் நிஜமாகவே நிறுத்துவார் என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. சும்மா கிடந்த கம்பெனிகளில்கூட விளக்கு எரிய ஆரம்பித்தது.

அடுத்தது தராசுக் கம்பெனி. அதன் முதலாளி அதுவரை கடைத் தராசு செய்துகொண்டிருந்தவர். ஆள் பெரிய உருவம், இளகிய மனசு. எதைக் கண்டாலும் கையில் தூக்கி எடை சொல்கிற வழக்கம் அவருக்கு உண்டு. மனிதர்களைப் பார்த்த மாத்திரத்தில் வாய்வரை ஒரு எண் வந்துவிடும். மனைவி கண்டித்துக் கண்டித்து அதை விழுங்கப் பழகியிருந்தார். பசையைப் பார்த்ததும் ஒரு எண்ணை விழுங்கிவிட்டு, அவள் கைப்பையை வாங்கி, "மேடம், இதைத் தினமும் தூக்கினா தோள் போயிடும்," என்றார்.

அவர் செய்ய முயன்றது, கண் இமையில் உதிர்கிற ஒற்றை முடியைக்கூட எடை போடுகிற தராசு. மருந்துக் கம்பெனிகளுக்கு வேண்டியது அது. இதற்காக அரசாங்க ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஒரு முனைவரை அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெண்மணி பேசினாலே தராசு ஆடும் என்பதால் கிசுகிசுவென்று பேசிப் பழகி, கடைசியில் காய்கறிக்காரரிடம்கூடக் கிசுகிசுவென்றுதான் பேரம் பேசினாராம். பாவம், ஒரு தடவையும் விலை குறையவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு இருந்தது. அதன் முகப்பில் எண்கள் ஓடின. ஓடினவை நிற்கவே இல்லை.

"ஆச்சா?" என்றாள் பசை.

எண்கள் குதித்தன.

"பாத்தீங்களா மேடம்?" என்று தராசு முதலாளி கையைப் பிசைந்தார். "நீங்க வந்தாலே ஆடுது. நீங்க வராம இருந்தா எப்பவோ முடிச்சிருப்போம்."

நியாயமான பேச்சு என்றுதான் அவளுக்கும் பட்டது. அறைக்கு வெளியே போய் நின்று, "இப்போ?" என்றாள். ஆடியது. முற்றத்துக்குப் போனாள். ஆடியது. கம்பெனி வாசலைத் தாண்டி, தெருவைக் கடந்து, எதிரிலிருந்த சைக்கிள் கடையில் நின்றுகொண்டு, "இப்போவாவது நின்னுச்சா?" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"இல்ல மேடம்!" என்று முதலாளி கத்தினார்.

"அப்போ நான் இல்ல!" என்று கத்திவிட்டுத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆடவைத்தது பின்பக்கத்து ரயில் தடம். சரக்குப் பெட்டிகளைக் கோக்கும் ஒவ்வொரு முட்டலும் தரை வழியாக வந்து தராசை உலுக்கியது. கண் இமை முடியை நிறுக்கிற கம்பெனிக்கு ரயில் தடத்துக்குப் பக்கத்தில் இடம் கொடுத்த புண்ணியவான் யார் என்று விசாரித்தாள். அவளுடைய துறைதான். வாயை மூடிக்கொண்டு நேரே ரயில்வே அலுவலகம் போனாள்.

இதுவரை கம்பெனிக்காரர்களை ஒட்டிய பசை, அன்றிலிருந்து அரசாங்கத்தையும் ஒட்ட ஆரம்பித்தது. ரயில்வே அதிகாரி அறையில் கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். அவர் சாப்பிடப் போனால் கூடவே போய்ப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தாள். ஒரு வாரம் தாங்கினார் மனிதர். பிறகு பெட்டி கோக்கும் வேலையை ஊருக்கு அந்தப் பக்கத்துத் தடத்துக்கு மாற்றிவிட்டார். அவள் உட்கார்ந்திருந்த அந்த ஒரு வாரம்தான் அந்த வட்டாரத்துச் சரக்கு ரயில்கள் சொன்ன நேரத்துக்கு வந்தன என்று பேசிக்கொண்டார்கள்.

தராசு நின்றது. இனி யாராவது வாங்க வேண்டும். முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி வாங்கும் என்று கொள்கையில் எழுதியிருந்ததே தவிர, அது ஆஸ்பத்திரி மருந்தகத் தலைவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் ஒப்புக்கொள்ளவில்லை.

"எங்களுக்கு வெளிநாட்டுத் தராசுதான் சரிப்படும்," என்றார்.

"சரிங்க," என்று பசை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நான் இங்கயே இருக்கேன். நீங்க யோசிங்க."

அவர் யோசித்தார். அவளை வெளியே அனுப்ப இருந்த ஒரே வழி தராசை வாங்குவதுதான் என்று புரிந்ததும் வாங்கினார். வாங்கிவிட்டு வஞ்சம் தீர்க்க ஆரம்பித்தார். தினமும் காலையில் கம்பெனிக்குப் போன்.

"உங்க தராசு நான் பெருமூச்சு விட்டா ஆடுது."

"ஏன் சார் பெருமூச்சு விடறீங்க?"

"உங்க தராசை வாங்கினதுக்குத்தான்யா!"

வெயில் ஏறினால் ஒரு எடை, இறங்கினால் ஒரு எடை என்றார். கண்ணாடிக் கதவு கிறீச்சிடுகிறது என்றார். எண்கள் எறும்பு சைசில் இருக்கின்றன என்றார். முனைவரும் முதலாளியும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். இந்த மாதிரி ஒரு வாடிக்கையாளர் கிடைக்க வெளிநாட்டுக் கம்பெனிகள் தவம் கிடக்கும் என்றார் முனைவர், கிசுகிசுப்பாக. சில மாதங்கள் கழித்து யாரோ ஒரு மருத்துவர் அந்தத் தராசைக் குறைசொன்னபோது, மருந்தகத் தலைவர் அவரோடு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சண்டைக்குப் போனாராம். "என் தராசைப் பத்தி நீ என்னய்யா பேசற?"

இனி வெளிநாட்டுக்காரர். பெரிய மருந்துக் கம்பெனியொன்றின் கொள்முதல் அதிகாரி ஒருவர் தராசைப் பார்க்க வந்தார். நெடுநெடுவென்று ஆள், கூர்மையான மூக்கு. அவர் மொழியைத் தமிழில் முனைவர்தான் மாற்றிச் சொன்னார், வழக்கம்போல் கிசுகிசுவென்று. ஏதோ ரகசியப் பேச்சுவார்த்தை நடப்பது போல எல்லோரும் தலையை ஒன்றாகக் குவித்து நிற்க வேண்டியிருந்தது.

வந்தவருக்கு விக்கல். தண்ணீர் குடித்தார். மூச்சைப் பிடித்தார். நிற்கவில்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் எண்கள் ஒரு துள்ளு துள்ளின. அவர் தராசையே முறைத்துப் பார்த்தார்.

"என்ன சொல்றார்?" என்றாள் பசை.

"தராசு என் விக்கலை எண்ணுது, மருந்தை எப்போ நிறுக்கும்னு கேக்கறார்."

விக்கலை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும். அதற்கு ஒரே வழி அதிர்ச்சி கொடுப்பது என்று தராசு முதலாளிக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் திடீரென்று, "ஐயோ, நெருப்பு!" என்று அலறினார். வெளிநாட்டுக்காரருக்கு வார்த்தை புரியாவிட்டாலும் குரல் புரிந்தது. ஒரே பாய்ச்சலில் வாசலுக்குப் போய்விட்டார். தொழிலாளிகள் மணல் வாளியோடு ஓடிவந்தார்கள். கூட்டத்தில் ஒருவர் முதலாளி தலையிலேயே மணலைக் கொட்டிவிட்டார். எதிர்க் கடைக்காரர் பயந்துபோய் சைக்கிள்களை எல்லாம் தெருவுக்கு இழுத்துப் போட்டார்.

எல்லாம் அடங்கி அவர் திரும்பி வந்தபோது விக்கலும் அடங்கியிருந்தது. மணல் தூசிக்குக் கண்ணைக் கசக்கினதில் வெளிநாட்டுக்காரரின் இமை முடி ஒன்று விரலில் ஒட்டியிருந்தது. முனைவர் அதை இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்தார். எண்கள் ஓடின, மெதுவாயின, நின்றன. அப்படியே நின்றன. காதுக்குள் இருந்த மணல் உதிராதபடி தராசு முதலாளி சிலையாக நின்றார். வெளிநாட்டுக்காரர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார்.

"பார்க்கலாம்னு சொல்றார்," என்றார் முனைவர்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் முதலாளிக்கு அழுகை வந்தது. பசைக்கு உற்சாகம் வந்தது. பார்க்கலாம், நாளைக்கு, யோசிக்கிறேன் என்பவையெல்லாம் அவளுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி. முனைவரிடம் கேட்டு, "ஆச்சா?" என்பதற்கு அந்த நாட்டு மொழியில் என்ன என்று ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டாள். தினமும் போன் செய்தாள். அவர் எடுத்ததும் அந்தச் சொல்லைச் சொல்வாள். அவர் எதையோ நீளமாகச் சொல்வார். அவளுக்கு ஒன்றும் புரியாது. மரியாதையாகக் கடைசிவரை கேட்டுவிட்டு, திரும்பவும் அதே சொல்லைச் சொல்வாள்.

ஒருநாள் ஆர்டர் வந்தது. இவ்வளவு தராசு, இன்ன தேதி, இன்ன விலை. கீழே ஒரு நிபந்தனை: அந்த அம்மாள் இனி எங்களுக்குப் போன் செய்யக் கூடாது.

தராசு முதலாளி ஆனந்தக் கண்ணீர் விட்டார். ஆனால் அந்த நிபந்தனையைத் திரும்பத் திரும்பப் படித்தபோது அவருக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. இப்படியும் கேட்கலாமா? அதற்கப்புறம் கம்பெனி ராப்பகலாக ஓடியது. புதுப்புது நாடுகளுக்குத் தராசு போனது. ஒருநாள் முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு இயக்குநரைப் பார்க்க வந்தார். பசையும் அங்கேதான் இருந்தாள்.

"சார், கடனை முன்கூட்டியே அடைச்சிடறோம். மத்த சலுகையும் வேணாம். இனிமே சொந்தக் கால்ல நிக்கறோம்."

"ஏன்யா, இன்னும் ஒரு வருஷம் இருக்கே?"

முதலாளி பசையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "மேடம் தப்பா எடுத்துக்கக் கூடாது. சலுகை இருக்கற வரைக்கும் மேடம் வருவாங்க இல்லீங்களா? அது இல்லேன்னா..." என்று இழுத்தார்.

இயக்குநர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "வேணாம்னு சொல்லிட்டான்! வேணாம்னு வாயால சொல்லிட்டான்!" என்று மேஜையைச் சுற்றி ஓடினார். எந்தக் கொள்கைக்காக அவர் மந்திரிகளிடம் திட்டு வாங்கினாரோ, அது பலித்துவிட்டது. அரசாங்கத்தின் கையைப் பிடித்து எழுந்த கம்பெனி, கையை உதறிவிட்டு ஓடப் பார்க்கிறது. முதலாளியைக் கட்டிக்கொண்டார். அந்த நேரத்திலும் முதலாளி வாய் தவறி, "ஐம்பத்திரண்டு கிலோ," என்று சொல்லிவிட்டார்.

பசை மட்டும் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஒரு கம்பெனியே அவளிடமிருந்து தப்பிப்பதற்காக உலகப் புகழ் பெற்றிருக்கிறது. பெருமைப்படுவதா, கோபப்படுவதா என்று புரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கணவர் வந்தார். வழக்கமான கேள்விகளுக்காகக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"ஏம்மா, குழாய் சொட்டுது பாரு," என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

"சொட்டட்டும்."

"அந்த மலைப் படம் இன்னும் முடிக்கல."

"மெதுவா முடிங்க."

அவர் அரண்டுபோனார். இத்தனை வருஷத்தில் 'மெதுவா' என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, நேரே இயக்குநர் அறைக்குப் போய் நின்றார்.

"சார், என் பொண்டாட்டிக்கு உடனே ஒரு கம்பெனி குடுங்க."

"சார், நாங்க கம்பெனிங்களுக்குத்தான் உதவி பண்றது. பொண்டாட்டிங்களுக்குக் கம்பெனி குடுக்கற திட்டம் இல்ல."

"அதில்ல சார். நெருக்கறதுக்கு."

விஷயம் புரிந்ததும் இயக்குநர் அவரை உட்காரவைத்து, நேற்று ஏன் தாம் அப்படித் துள்ளினோம் என்று விளக்கினார். பிள்ளை நடக்கப் பழகின பிறகும் இடுப்பில் ஏறினால்தான் கவலைப்பட வேண்டும், இறங்கி ஓடினால் வளர்த்தவர்களுக்கு என்ன வருத்தம் என்றார். ஓவிய ஆசிரியர் அதை வீட்டில் அப்படியே ஒப்பித்தார். அவள் பாதி கேட்டாள். மீதியைக் கேட்காமல் போனதற்குக் காரணம், அதற்குள் இயக்குநரிடமிருந்து போன் வந்துவிட்டதுதான். லென்ஸ் செய்கிற கம்பெனி ஒன்று. நல்ல இளைஞர்கள்தான், ஆனால் எதைக் கேட்டாலும் அடுத்த மாதம் என்கிறார்கள்.

"அடுத்த மாசமா?" என்றாள் பசை. முகத்தில் ரத்தம் ஓடியது.

இன்றைக்குத் தராசுக் கம்பெனி எங்கேயோ போய்விட்டது. அதைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். வட்டிக் குறைப்பு என்கிறார்கள், வரிப் பாதுகாப்பு என்கிறார்கள், ஆராய்ச்சிக் கூடத்தின் பங்கு என்கிறார்கள். எல்லாம் உண்மைதான். அந்த முதலாளி மட்டும் அந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் போனால் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்வார்; உள்ளே யார் யார் வருகிறார்கள் என்று ஒரு கண் வைத்துக்கொண்டுதான் பேச்சைக் கேட்பார்.

லென்ஸ் கம்பெனிக்குப் பசை போன காலையில் வெயில் இதமாக இருந்தது. புதுக் கதைப் புத்தகம் ஒன்றை வாங்கியிருந்தாள், முன்னதைவிடத் தடிமனாக. வாசலில் காவலாளி ஸ்டூலிலிருந்து எழுந்து வழிமறித்தார்.

"யாரைம்மா பாக்கணும்?"

"எல்லாரையும்தான்," என்றாள் அவள். "அந்த ஸ்டூல் காலியாத்தானே இருக்கு?"